ஆறாவது கோர்ட்டுக்கு ஆள் தேடும் கம்ப்யூட்டர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வங்கி அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வாங்கி இரண்டு வாரமே ஆன லேப்டாப்பைத் தூக்கிக் கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, ஒரு வீடியோவை மெயிலில் அனுப்பணும். ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன், போகவே இல்லை. கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். பைலின் அளவு 4 ஜி.பி. ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்.பி. வரைதான் பைல் இணைக்க முடியும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஜிமெயில் தானாகவே அதை கூகுள் டிரைவில் ஏற்றி, அதற்கான லிங்க்கை மட்டும் மெயிலில் வைக்கும். இவர் வீட்டு இணைப்பின் வேகத்தில் அந்த ஏற்றும் வேலை பாதியிலேயே நின்று போயிருந்தது.

"யாருக்கு சார் இவ்வளவு பெரிய வீடியோ?" என்று கேட்டேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறாள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் டென்னிஸ் கோச்சுக்கு அந்த வீடியோ போக வேண்டும். அவருக்குப் பிடித்திருந்தால் ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைக்கலாம். "இதெல்லாம் நிஜமா தம்பி, இல்லை ஏமாற்று வேலையா? முகம் தெரியாத ஒருவர் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு எப்படிப் பணம் கொடுத்துப் படிக்க வைப்பார்?" என்றார். மெயில் ஒரு சாக்குதான். இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

நிஜம்தான் என்று என்னால் சொல்ல முடிந்தது. ஏனென்றால் நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆறு கோர்ட், ஏழு பாயிண்ட்

2023-ல் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் ஆன்சைட்டில் டெக்சாஸில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்த்த நண்பர் அங்கிருந்த பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனார். பெண்கள் டென்னிஸ் மேட்ச், டிக்கெட் கிடையாது. வரிசையாக ஆறு கோர்ட்கள், ஆறிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். ஸ்கோர் போர்டில் இருந்த பெயர்களை வாய்விட்டுப் படிக்க எனக்கு வரவில்லை. செக், ஸ்பானிஷ், ரஷ்யன், தாய் என்று ஒவ்வொரு பெயரும் ஒரு நாடு. "இது அமெரிக்கக் காலேஜ் டீம்தானா?" என்று கேட்டேன். "டென்னிஸில் இப்படித்தான்" என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் மிகை இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதன் மேல்தட்டு டிவிஷன் ஒன். 2020-களின் தொடக்கத்தில் டிவிஷன் ஒன் பெண்கள் டென்னிஸில் ஆடியவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் வெளிநாட்டவர். எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் எட்டு பேரில் ஒருவர் என்ற அளவில்தான் வெளிநாட்டவர் வருகிறார்கள். அப்படியானால் டென்னிஸில் மட்டும் ஏன்?

முதல் காரணம் அந்த ஆறு கோர்ட்டில் இருக்கிறது. இரண்டு கல்லூரிகள் மோதும்போது முதலில் மூன்று டபுள்ஸ் ஆட்டம். அதில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரு பாயிண்ட். பிறகு ஆறு சிங்கிள்ஸ், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். ஆக மொத்தம் ஏழு. நான்கை முதலில் எட்டும் அணி ஜெயித்தது. முதல் கோர்ட்டில் ஆடும் நட்சத்திரம் வென்றாலும் ஒரு பாயிண்ட், ஆறாவது கோர்ட்டில் ஆடும் பெண் வென்றாலும் அதே ஒரு பாயிண்ட். எனவே கோச்சுக்கு ஒரு சானியா மிர்சா கிடைத்தால் போதாது, நம்பி இறக்கக்கூடிய ஆறு பேர் வேண்டும். டிவிஷன் ஒன்னில் பெண்கள் அணிகள் சுமார் 300. அத்தனை அணிகளுக்கும் உள்ளூரிலேயே ஆறு ஆறு பேர் நல்ல தரத்தில் கிடைப்பது கஷ்டம். வெளிநாட்டுப் பெண் வந்து சேரும் இடம் பெரும்பாலும் இந்த நடுக் கோர்ட்களும் கடைசிக் கோர்ட்களும்தான்.

இரண்டாவது காரணம் பணம். அமெரிக்காவில் 1972-ல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டம், மத்திய அரசின் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பேதம் கூடாது என்கிறது. அங்குள்ள கால்பந்து, அதாவது கையில் பந்தைத் தூக்கிக் கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து, மேல்மட்ட அணிகளில் மட்டும் 85 ஸ்காலர்ஷிப்களை விழுங்கி வந்தது. அந்த விளையாட்டுக்குப் பெண்கள் அணி இல்லை. அதை ஈடுகட்ட மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூடுதலாக ஒதுக்கினார்கள். அதனால்தான் பல ஆண்டுகளாக டென்னிஸில் பெண்கள் அணிக்கு 8 முழு ஸ்காலர்ஷிப், ஆண்கள் அணிக்கு வெறும் நாலரை என்று இருந்தது. நாலரையை ஆண்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக் கொள்ள வேண்டும், எட்டும் பெண்களுக்கு முழுசு. நீதிமன்றத்தில் ஏற்பட்ட ஒரு பெரிய ஒப்பந்தத்தின் பேரில் 2025-26 முதல் இந்தக் கணக்கு மாறியது. ஒப்பந்தத்தை ஏற்ற கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பில்லை, ஆனால் டென்னிஸ் அணியில் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எத்தனை பேருக்கு முழுப் பணம் என்பது இனி அந்தந்தக் கல்லூரியின் வசதி.

மூன்றாவது காரணம் அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிறது. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் பெரும்பாலான நாடுகளில் 18 வயதில் ஒரு பெண் முடிவெடுத்தாக வேண்டும், படிப்பா ஆட்டமா என்று. அங்கே பல்கலைக்கழகங்கள் படிப்புக்கு மட்டும்தான், ஆட்டம் கிளப்பில். தொழில்முறை ஆட்டத்தின் அடித்தட்டில் இருக்கும் 15,000 டாலர் போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் கைக்கு வருவது சுமார் 150 டாலர். ஓட்டல் வாடகைக்கே பற்றாது. இரண்டையும் விடாமல் நான்கு வருடம் தங்கிப் படித்து, சாப்பிட்டு, ஆட ஒரே இடம் அமெரிக்கக் கல்லூரிதான்.

கெய்ரோவைச் சேர்ந்த மாயர் ஷெரீஃபின் கதை இதற்கு நல்ல உதாரணம். அக்கா ரானா ஏற்கெனவே ஆடிக் கொண்டிருந்த கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குத் தங்கையும் போனார். இரண்டு வருடம் கழித்து பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2018-ல் கல்லூரிகளுக்கான தேசிய சிங்கிள்ஸ் போட்டியில் அரையிறுதி வரை வந்தார். 2020-ல் பிரெஞ்சு ஓப்பன் பிரதான சுற்றில் ஆடிய முதல் எகிப்தியப் பெண், 2022-ல் பார்மாவில் டபிள்யூ.டி.ஏ. பட்டம் வென்ற முதல் எகிப்தியப் பெண் என்று பெயர் வாங்கினார். அக்கா முன்னால் போனதால் தங்கைக்கு வழி தெரிந்தது. அக்கா இல்லாதவர்கள் என்ன செய்வது? கம்ப்யூட்டர் உள்ளே நுழைவது இங்கேதான்.

கேசட் காலம்

1990-களில் வெளிநாட்டுப் பெண்ணைத் தேடும் கோச்சுக்கு இருந்த வழிகள் தபால், ஃபேக்ஸ், தெரிந்தவர் சிபாரிசு, வீடியோ கேசட். கேசட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பாவில் (நம் ஊரிலும்தான்) டி.வி. முறை பால், அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி. முன்னதில் 625 கோடுகள், நொடிக்கு 25 படம். பின்னதில் 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படம். ஸ்லோவாக்கியாவில் பதிவு செய்த கேசட்டை டெக்சாஸ் டெக்கில் போட்டால் படம் உருளும், அல்லது வெறும் கோடாகத் தெரியும். மாற்றித் தர கடைக்குப் போக வேண்டும். நன்றாக ஆடிய எத்தனை பெண்களின் கேசட் அப்படியே மேஜை டிராயரில் கிடந்ததோ!

கேசட் ஓடினாலும் இன்னொரு சிக்கல். ஆடும் பெண் எப்படி என்று தெரியும், எதிரே ஆடுபவர் எப்படி என்று தெரியாது. "நான் என் நாட்டு ஜூனியர் ரேங்கிங்கில் 6-வது" என்று ஒருத்தி எழுதுவாள், வேறொரு நாட்டுப் பெண் "நான் 2-வது" என்பாள். யார் மேல்? உலக ஜூனியர் ரேங்கிங் என்று ஒன்று உண்டு. ஆனால் நாடு நாடாகப் பறந்து போய் ஆடப் பணம் உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். எனவே கோச்கள் தங்களுக்குப் பழக்கமான ஒன்றிரண்டு நாடுகளையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு ஸ்லோவாக்கியப் பெண் நன்றாக ஆடினால் அடுத்த வருடமும் அங்கேயே விசாரிப்பார்கள். 2005-ல் கல்லூரிகளுக்கான தேசிய சிங்கிள்ஸ் பட்டத்தை பேய்லர் பல்கலைக்கழகத்துக்காக வென்ற சுசானா செமெனோவா ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்தவர்தான்.

அதே 2005-ல் யூடியூப் வந்தது. கேசட் பிரச்சினை ஒழிந்தது. 2008-ல் வர்ஜீனியாவில் டேவ் ஹவல் என்ற டென்னிஸ் பயிற்சியாளர் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார். இன்று யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வயது, ஆண், பெண், நாடு எதையும் பார்க்காமல் எல்லோரையும் 1 முதல் 16.5 வரை ஒரே அளவுகோலில் நிறுத்துவது. கெய்ரோ பெண்ணையும் கலிபோர்னியா பெண்ணையும் ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

எண் எப்படி வருகிறது?

சாப்ட்வேர்காரனுக்கு இதில்தான் சுவாரஸ்யம். புதிதாக எக்செல் பழகுபவர்கள் முதல் படியைத் தாங்களே செய்து பார்க்கலாம். ஒரு பெண் 6-2, 6-3 என்று ஜெயிக்கிறாள். அவள் எடுத்த கேம் 12, எதிராளி எடுத்தது 5. ஏ2 செல்லில் 12, பி2 செல்லில் 5 என்று தாருங்கள். சி2-ல், ஏ2-வை இரண்டின் கூட்டுத் தொகையால் வகுக்கும் பார்முலாவை அமைத்து, சதவீதமாகக் காட்டச் சொல்லுங்கள். 70.6 சதவீதம் என்று வரும். யு.டி.ஆரின் அடிப்படை இதுதான். ஜெயித்தாயா, தோற்றாயா என்பதைவிட எத்தனை சதவீத கேம் எடுத்தாய், யாரிடமிருந்து எடுத்தாய் என்று பார்க்கிறது. எதிராளியின் எண்ணை வைத்து, இந்த ஆட்டத்தில் நீ எவ்வளவு எடுத்திருக்க வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்பு. அதைவிட அதிகம் எடுத்தால் எண் ஏறும். கடைசி 12 மாதத்தில் ஆடிய 30 ஆட்டங்கள் வரை கணக்கில் எடுக்கிறது. புதிய ஆட்டத்துக்கு எடை அதிகம், பழையதற்குக் குறைவு.

இதனால் ஒரு விசித்திரம். தன்னைவிட மிக நன்றாக ஆடும் ஒருத்தியிடம் 6-7, 5-7 என்று தோற்ற பெண்ணின் எண் ஏறலாம். மிகச் சாதாரணமான ஒருத்தியை 7-5, 7-6 என்று திணறி ஜெயித்தவளின் எண் இறங்கலாம். நல்ல கணக்கு என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் எண்ணுக்கு மதிப்பு கூடக் கூட, எண்ணைக் காப்பாற்றுவதே ஆட்டமாகி விடுகிறது. குறைந்த எண் உள்ள எதிராளி அமைந்தால் கணுக்கால் வலி என்று விலகிக் கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோரே சொல்கிறார்கள். நாங்கள் ஆபீஸில் எத்தனை பக் மூடினோம் என்று எண்ண ஆரம்பித்தவுடன், எல்லோரும் சின்ன பக்காகப் பார்த்து மூட ஆரம்பித்தோமே, அதே கதை.

டிவிஷன் ஒன்னின் முன்னணி அணிகளில் ஆடும் பெண்களின் எண் 10-ஐ ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். கோச் செய்வது இதுதான். பட்டியலை வடிகட்டுகிறார். எண் இதற்கு மேல், பள்ளிப் படிப்பு முடிக்கும் வருடம் இது. நம் கம்ப்யூட்டரில் எக்செல் பில்டர் போடுவது போலத்தான். இருநூறு நாட்டுப் பெண்கள் இருபது பேராகச் சுருங்குகிறார்கள். அந்த இருபது பேரின் வீடியோவைத்தான் திறக்கிறார். உலக டென்னிஸ் கூட்டமைப்பும் வேர்ல்ட் டென்னிஸ் நம்பர் என்று தனியாக ஒன்றை நடத்துகிறது. அதில் கணக்கு தலைகீழ், ஆரம்ப நிலை 40, உச்சம் 1. இரண்டையும் குழப்பிக் கொள்ளாதீர்கள். எங்கள் மாடி சார் குழப்பிக் கொண்டு, மகளின் எண் குறைந்து விட்டதே என்று ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

உள்ளூர்ப் பெண்ணின் கேள்வி

இதில் அமெரிக்கர்களுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பத்து வருடம் மகளை டென்னிஸுக்குக் காரில் கூட்டிக் கொண்டு அலைந்த அப்பா, நம் வரிப் பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் நம் பெண்ணுக்கு இடமில்லையா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அதுவும் வெளிநாட்டுப் பெண் ஓரிரண்டு வயது மூத்தவளாக, தொழில்முறைப் போட்டிகளில் அடிபட்டுத் தேறியவளாக வந்தால், நேற்றுப் பள்ளி முடித்த உள்ளூர்ப் பெண்ணுக்கு அது சமமான போட்டி இல்லைதான். இதற்காகவே விதியை இறுக்கினார்கள். பள்ளி முடித்து ஆறு மாதத்துக்குள் கல்லூரியில் சேராமல் போட்டிகளில் ஆடிக் கொண்டிருந்தால், கல்லூரிக்காக ஆடும் வருடங்களில் ஒன்றை இழக்க வேண்டும் என்று டென்னிஸுக்கு ஒரு விதி வந்தது. அதற்கு முன் அந்தச் சலுகைக் காலம் இன்னும் நீளமாக இருந்தது.

ஆனால் வெளிநாட்டவர் வந்து எல்லாவற்றையும் அள்ளிக் கொண்டு போகிறார்கள் என்பது சரியில்லை. கல்லூரிகளுக்கான தேசிய சிங்கிள்ஸ் பட்டத்தைப் பாருங்கள். 2014, 2016-ல் டேனியல் காலின்ஸ், 2021-ல் எம்மா நவாரோ, 2022-ல் பேட்டன் ஸ்டெர்ன்ஸ், எல்லோரும் அமெரிக்கர்கள். 2018-ல் நெதர்லாந்தின் அரியானே ஹார்டோனோ, 2019-ல் ஸ்பெயினின் எஸ்டெலா பெரெஸ் சோமரிபா, 2023-ல் சீனாவின் தியான் ஃபாங்ரான். கலந்துதான் இருக்கிறது. பலமான எதிராளி அன்றாடம் பக்கத்துக் கோர்ட்டில் பயிற்சி செய்வதால் உள்ளூர்ப் பெண்ணும்தான் தேறுகிறாள். என் கருத்து இது. இடம் இழந்த பெண்ணின் அப்பாவிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார் என்பதும் தெரியும்.

வெளிநாட்டுப் பெண்ணுக்கு எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் ரஷ்யாவின் டயானா ஷ்னைடர் ஆஸ்திரேலிய ஓப்பனில் இரண்டாவது சுற்று வரை ஆடிவிட்டு நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடப் போனார். கல்லூரி வீராங்கனையாக இருந்ததால் செலவு போக மிச்சப் பரிசுப் பணத்தை அவரால் வைத்துக் கொள்ள முடியவில்லை. அந்த ஒரு பருவத்தோடு கல்லூரியை விட்டுத் தொழில்முறைக்குப் போனார், 2024 ஒலிம்பிக்கில் டபுள்ஸில் வெள்ளி வாங்கினார். இதே பரிசுப் பண விதியை எதிர்த்து 2024-ல் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் ரீஸ் பிராண்ட்மையர் வழக்குப் போட்டார். அவர் அமெரிக்கர். 2021-ல் இருந்து கல்லூரி வீரர்கள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. அதிலும் மாணவர் விசாவான எஃப்-1-ல் இருப்பவருக்குக் கை கட்டு. வேலை செய்ய அந்த விசாவில் கடும் வரம்பு உண்டு. ஒரே கோர்ட்டில் டபுள்ஸ் ஆடும் இருவரில் அமெரிக்கப் பெண் கடை விளம்பரத்தில் சிரிக்கலாம், பக்கத்தில் நிற்பவள் சிரித்தால் விசாவுக்கு ஆபத்து.

இன்னொரு கதவும் சுருங்கி வருகிறது. 2018-ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற டேட்டாபேஸ் வந்தது. கல்லூரி மாற விரும்பும் வீராங்கனையின் பெயர் அதில் ஏறியவுடன் எல்லாக் கோச்களுக்கும் தெரியும். பிறகு மாறும் விதிகளும் தளர்ந்தன. எங்கோ இருக்கும் 17 வயதுப் பெண்ணின் வீடியோவைப் பார்த்து யோசிப்பதைவிட, இரண்டு வருடம் அமெரிக்காவிலேயே ஆடி நிரூபித்த 20 வயதுப் பெண்ணை எடுப்பது கோச்சுக்கு நிம்மதி. வெளிநாட்டவர் எண்ணிக்கை அதனால் குறையாமல் போகலாம், ஆனால் புதிதாகக் கதவைத் தட்டும் பெண்ணுக்கு இடம் குறையும்.

ஒரே பெண், இரண்டு பெயர்

இனி மாடி சார் வீட்டுக்கு வருவோம். இந்தியப் பெண்களும் இந்த வழியில் போகிறார்கள். தெலங்கானாவின் சஹஜா யமலபள்ளி டெக்சாஸில் உள்ள சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். ஆண்களில் சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 இரண்டு வருடமும் சிங்கிள்ஸ் பட்டம் வென்றார். இதைச் சொன்னதும் சாருக்கு முகம் மலர்ந்தது.

வீடியோவை அன்றே முடித்தோம். வேகமான இணைப்புள்ள என் வீட்டிலிருந்து யூடியூபில் ஏற்றினோம். 'அன்லிஸ்டெட்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கலாம், தேடினால் கிடைக்காது. 'பிரைவேட்' என்று வைத்துவிட்டால் கோச்சாலும் பார்க்க முடியாது. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். மெயிலின் சப்ஜெக்ட் வரியில் பெயர், நாடு, பள்ளி முடிக்கும் வருடம், ரேட்டிங் எண், இவ்வளவு போதும். "மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு" என்று நாலு பாரா எழுதியிருந்ததை ஆறு வரியாக்கினோம்.

ரேட்டிங் எண்ணைப் பார்க்கத் தளத்தைத் திறந்தபோதுதான் வினோதம் தெரிந்தது. அவள் பெயரைத் தேடினால் இரண்டு பேர் வந்தார்கள். ஒன்றில் பெயருக்கு முன்னால் இன்ஷியல். இன்னொன்றில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் பின்னால் முழுசாக. இரண்டும் இவள்தான். சார் ஒவ்வொரு போட்டிப் படிவத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கிறார். ஒரு பெயரில் ஒன்பது ஆட்டம், இன்னொரு பெயரில் பதினான்கு. அவளுடைய நல்ல வெற்றிகள் எல்லாம் கோச்சுக்கு அனுப்பாத பெயரில் உட்கார்ந்திருந்தன. டேட்டாபேஸுக்கு நம் இன்ஷியல் பழக்கம் எல்லாம் புரியாது, எழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டார். நல்ல வேளை, இரண்டையும் இணைக்கக் கேட்டு எழுத வசதி இருந்தது. பாஸ்போர்ட் நகலோடு எழுதினோம். சில நாளில் இணைத்துவிட்டார்கள். எண் அரைப் புள்ளிக்கு மேல் ஏறியது. அவள் எதுவும் புதிதாக ஆடவில்லை!

அதே பெயர்ப் பிரச்சினை மதிப்பெண் பட்டியலிலும் வரும். என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையத்தில் கணக்குத் தொடங்கி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து உள்ள படிப்பு ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். டிவிஷன் ஒன்னுக்கு 16 அடிப்படைப் பாடங்கள், குறைந்தது 2.3 கிரேடு சராசரி. எஸ்.ஏ.டி. தேர்வு கட்டாயம் என்பதை 2023-ல் என்.சி.ஏ.ஏ. எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம். ஆவணங்களை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து பி.டி.எப். ஆக வைத்துக் கொள்ளுங்கள், பைலின் பெயர் 'ஸ்கேன்0001' என்று இருக்க வேண்டாம். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன. விண்ணப்பிக்கும் சமயத்தில் அவர்கள் தளத்திலேயே பார்ப்பதுதான் பாதுகாப்பு.

மெயில் போட்டுப் பதில் வராவிட்டால் உடனே மனம் உடைய வேண்டாம். டிவிஷன் ஒன் கோச், பெண் பத்தாம் வகுப்பு முடித்த வருடத்தின் ஜூன் 15-க்கு முன் பதில் எழுதவே கூடாது என்று விதி. அதற்குப் பின்னும் பதில் இல்லை என்றால், பதில் அதுதான்.

சார் இன்னொன்றும் காட்டினார். ஒரு ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி. "ஸ்காலர்ஷிப் நிச்சயம். முன்பணம் ஒரு லட்சம். கிடைக்கும் ஸ்காலர்ஷிப்பில் 10 சதவீதம் எங்களுக்கு" என்று இருந்தது. ஸ்காலர்ஷிப்பை நிச்சயம் என்று சொல்ல பல்கலைக்கழகத்தைத் தவிர யாருக்கும் அதிகாரம் இல்லை. அதைவிட முக்கியம், ஸ்காலர்ஷிப் கிடைப்பதைப் பொறுத்துக் கூலி வாங்கும் ஏஜென்ட்டைப் பிடித்தால் அந்தப் பெண்ணின் தகுதியே போய்விடும் ஆபத்து என்.சி.ஏ.ஏ. விதியில் இருக்கிறது. அதாவது காசும் கொடுத்து வாய்ப்பையும் இழக்கலாம். சார் முன்பணம் கொடுக்கவில்லை. கொடுக்க நாள் குறித்திருந்தார்.

கடைசியாக விசா. 2025 மே மாதக் கடைசியில் மாணவர் விசா நேர்முகங்களுக்குப் புதிதாக நாள் தருவதை அமெரிக்கா சில வாரம் நிறுத்தி வைத்தது. ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பிப்பவர் தன் சமூக வலைத்தளக் கணக்குகளை யாரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்றது. மகளின் இன்ஸ்டாகிராமை அப்பா முதன்முறையாகப் பார்க்கப் போகிறார் என்பதால் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. அதில் நான் தலையிடவில்லை.

அனுப்பிய பதினெட்டு மெயிலுக்கு இதுவரை வந்த பதில் மூன்று. ஒருவர் இடம் இல்லை என்று எழுதிவிட்டார். ஒருவர் ஆறு மாதம் கழித்து எண்ணைப் பார்க்கிறேன் என்கிறார். மூன்றாமவர் ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். வெட்டி ஒட்டிய வீடியோ வேண்டாம், ஒரு முழு மேட்ச் வேண்டும், அதுவும் அவள் தோற்ற மேட்ச்சாக இருந்தால் நல்லது, பாயிண்ட் போன பின் எப்படி நடந்து கொள்கிறாள் என்று பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எண்ணில் தெரியாதது அது. வரும் சனிக்கிழமை நுங்கம்பாக்கத்தில் அவளுக்கு ஒரு மேட்ச் இருக்கிறது. மொபைலை கோர்ட்டின் பின்பக்கம், ஆளுயரத்துக்கு மேல், கோடுகள் எல்லாம் தெரியும்படி நிறுத்த வேண்டும். சார் டிரைபாட் வாங்கிவிட்டார். மெமரி கார்டு எத்தனை ஜி.பி. வாங்க வேண்டும் என்று நேற்று ராத்திரி கேட்டார். ஃபுல் எச்.டி.யில் இரண்டு மணி நேரத்துக்கு 64 ஜி.பி. தாராளம் என்றேன்.